நத்தார் மரத்து எண்ணெய்: உவர்மலையில் ஒரு வடிப்புப் பதிவு

அக்கா ரொறன்ரோவிலிருந்து நத்தாருக்கு வந்திருந்தா. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் மரத்துக்குக் கிட்டப் போய், ஒரு கிளையைக் கசக்கி மணந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டா.

"தம்பி, இது எங்கட அங்கத்தை மரத்திர மணம் இல்லையடா. அதில ஒரு இனிப்பு இருக்கும். இது மாங்காய்ப் பால் மாதிரிக் கிடக்கு."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து 10 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை எடுத்துத் தந்தா. கனடாவின் கறுப்பு ஸ்புரூஸ் மரத்து இலையெண்ணெய். மணந்தேன். அக்கா சொன்னது சரிதான், இரண்டும் வேறு. ஊசியிலை மரம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். 26 வருடம் பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தவனுக்கு இதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? எங்கள் மரத்தின் எண்ணெயை வடித்தெடுத்து, இந்த வித்தியாசம் எந்தச் சேர்வையால் வருகிறது என்று பார்க்க முடிவெடுத்தேன். தை மாதம் தொடங்கியது பங்குனி வரை இழுத்தது.

முதலில் மரம். திருகோணமலையில் ஊசியிலை மரம் காடாக வளர்வதில்லை. நத்தாருக்கு வரும் கிளைகள் நுவரெலியாப் பக்கமிருந்து மரக்கறி லொறியில் வருகிற சைப்பிரஸ். கிளையோடு வந்த காய்கள் ஒன்றேகால் சென்ரிமீற்றர் அளவில், வெளிறிய சாம்பல் பூத்து இருந்தன. மலைநாட்டில் நடப்பட்ட இரண்டு சைப்பிரஸ் வகைகளில் மொன்ரறே சைப்பிரஸின் காய் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெரிது. ஆகவே இது மெக்சிக்கோ சைப்பிரஸ், குப்பிரசஸ் லுசிற்றானிக்கா. எண்ணெய் வடிக்க முன்னம் மரத்தின் பெயரை உறுதி செய்வது அவசியம். பெயர் பிழைத்தால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் பிழைக்கும்.

மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்து மரத்தைப் பிரித்தபோது கிளைகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தேன். மனைவி தன் குக்கரைத் தொடவே விடவில்லை, அது நியாயம்தான். அந்த றப்பர் வளையத்தில் ஏறிய மணம் பிறகு எந்தப் பருப்பிலும் இறங்கும். பழைய இரும்புக் கடையில் ஏழரை லீற்றர் குக்கர் ஒன்று வாங்கிப் புது வளையம் போட்டேன். அடியில் ஒன்றரை லீற்றர் நீர், அதற்கு மேலே கால் வைத்த வலை, வலைக்கு மேல் இரண்டு இடியப்பத் தட்டு, தட்டுகளின் மேல் இலை. இலை நீரைத் தொடக்கூடாது. நீராவி மட்டும் இலைக்குள்ளால் ஏறி வரவேண்டும். குண்டைக் கழற்றிவிட்டு அந்த மூக்கிலிருந்து குழாய். பாதுகாப்பு வால்வைக் கழற்றவே கூடாது. இலையை இறுக்கி அடைக்கவும் கூடாது, ஒரு துண்டு ஏறி மூக்கை அடைத்தால் குக்கர் வெடிகுண்டாகிவிடும்.

முதல் வடிப்பு முழுத் தோல்வி. கையில் இருந்த தெளிவான பிளாஸ்ரிக் குழாயைப் போட்டேன். அரை மணித்தியாலத்தில் அது சேமியாபோல் குழைந்தது. குளிர்நீர் வாளியில் கிடந்த பகுதியும் மங்கி வீங்கியது. வந்த நீரின் மேல் மிதந்த படலத்தில் புது மழைக்கோட்டு மணம். இலையெண்ணெய்க்கு மணம் கொடுக்கிற பைனீன், லிமோனீன் போன்ற ரேர்பீன் சேர்வைகள் நல்ல கரைப்பான்கள். பெயின்றுக்குக் கலக்கிற ரேப்பன்ரைனே பெரும்பாலும் பைனீன்தான். அதைப் பிளாஸ்ரிக் குழாய்க்குள்ளால் விட்டால் பிளாஸ்ரிக்கும் சேர்ந்து வடியும். எல்லாவற்றையும் ஊற்றிவிட்டேன்.

குளிரூட்டி திருத்துகிற தம்பியிடம் எட்டில் மூன்று அங்குலச் செம்புக் குழாய் 3 மீற்றர் வாங்கினேன். வெறுமனே வளைத்தால் செம்பு மடிந்துவிடும். டச்சு பேக் கரையில் எடுத்த மணலைக் கழுவி, வறுத்து, ஆறவிட்டுக் குழாய்க்குள் நிரப்பி, இரண்டு வாயையும் அடைத்துப் பெயின்ற் ரின் ஒன்றில் மெதுவாகச் சுற்றினேன். எட்டுச் சுற்று, ஒரு மடிப்பும் இல்லை. மணலைத் தட்டி எடுக்கத்தான் அரை நாள் போனது. குக்கர் மூக்கும் குழாயும் சேருமிடத்தைக் கோதுமை மாவை இறுக்கிப் பிசைந்து பூசி அடைத்தேன். சூட்டில் மா வெந்து கல்லாகிவிடும், வேலை முடிய நனைத்தால் கழன்றுவிடும். இதைவிட நல்ல பசை எனக்குத் தெரியாது.

அடுத்த தலையிடி குளிர்ச்சி. ஒரு லீற்றர் நீர் வருமளவு நீராவியை ஒடுக்க ஏறத்தாழ 2257 கிலோயூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். அதை 20 லீற்றர் வாளித் தண்ணீர் வாங்கிக்கொண்டால் அது 27 பாகை சூடேறும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாடைக் காலத்திலேயே 27 பாகையில்தான் இருக்கிறது. ஆக, வடிப்பு முடியும்போது வாளி 54 பாகை. அந்தச் சூட்டில் பைனீனில் ஒரு பங்கு ஒடுங்காமல் காற்றோடு போய்விடும். முற்றம் முழுக்க மணந்தால் போத்தலில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

மீன் சந்தையில் ஐஸ் வாங்கினேன். மீன் வருகிற ரெஜிபோம் பெட்டி ஒன்றையும் கேட்டு வாங்கி, அதற்குள் குழாய்ச் சுருளையும் ஐஸையும் வைத்து, அடியில் துளையிட்டுக் குழாயின் நுனியை வெளியே விட்டேன். வடிப்பு அழகாகத் தொடங்கியது. பத்தாவது நிமிடம் பெட்டியின் அடி ஒழுகத் தொடங்கி, ஐஸ் தண்ணீர் அடுப்புப் பக்கம் ஓடியது. குழாயின் வாயில் வழிந்த எண்ணெய் ரெஜிபோமில் பட்டு, சீனி கரைவதுபோல் அதைத் தின்றிருந்தது. பொலிஸ்ரைரீன் இந்த எண்ணெய்களில் கரையும் என்று படித்திருக்கிறேன், கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அடுப்பை அணைத்து, அலுமினியச் சருவச்சட்டிக்கு எல்லாவற்றையும் மாற்றி மறுபடி தொடங்கினேன். ஒன்றே முக்கால் கிலோ இலைக்கு 2 மில்லிலீற்றர் கிடைத்தது. மூன்று வாரம் தேவாலயத்தில் காய்ந்து நின்ற கிளை அவ்வளவுதான் தரும்.

இந்த நேரத்தில் என் தம்பியின் மகள் சேர்ந்துகொண்டாள். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறவள். கறுவா எண்ணெயைக் கொதிநீராவியில் காய்ச்சி வடிப்பது அவளுடைய பாடத்திலும் உண்டு. என்னுடைய வெப்பமானி நீராவி வாயில் 98 பாகை காட்டுவதைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி.

"பெரியப்பா, அல்பா பைனீன்ர கொதிநிலை 156. இங்க 100 கூட வரேல்ல. பிறகு எப்பிடி அது வருது?"

நீரும் எண்ணெயும் கலக்காதவை. கலக்காத இரண்டு திரவங்களில் ஒவ்வொன்றும் மற்றது இருப்பதைப் பொருட்படுத்தாமல் தன் முழு ஆவியமுக்கத்தைக் கொடுக்கும். இரண்டின் கூட்டுத்தொகை வளிமண்டல அமுக்கத்தைத் தொட்டால் கொதிக்கும். 95 பாகையில் நீரின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 84.5 கிலோபஸ்கால், பைனீனுடையது ஏறத்தாழ 16. கடல் மட்டத்தில் இருக்கிற எங்கள் ஊரில் வேண்டியது 101.3. ஆகவே 95 பாகையைச் சற்றுக் கடந்ததும் இரண்டும் சேர்ந்து கொதிக்கும். பைனீனின் மூலக்கூற்றுத் திணிவு 136, நீருடையது 18. பெருக்கிப் பார்த்தால் ஒரு கிராம் நீரோடு ஒரு கிராமுக்கு மேல் பைனீன் வரவேண்டும். எங்களுக்கு அப்படி வரவில்லை, ஏனென்றால் இலைக்குள் அவ்வளவு எண்ணெய் இல்லை. நீராவி எண்ணெயால் நிரம்பாமலே போகிறது, அதனால்தான் வெப்பமானியும் 98 காட்டியது. அவள் கணக்கைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பொடியன் நாங்கள் செய்வதைப் பார்த்து உப்புவெளிக் கரையிலிருந்து ஒரு சாக்கு சவுக்கு இலை அள்ளி வந்தான். அவனுடைய ஆசையைக் கெடுக்க மனமில்லை, அதையும் வடித்தோம். ஒரு துளி எண்ணெயும் மிதக்கவில்லை. சவுக்கு பார்வைக்குத்தான் ஊசியிலை. அது பூக்கும் தாவரம். ஊசிபோல் தெரிவது பச்சைத் தண்டு, அதன் கணுக்களில் பல்லுப்போல் ஒட்டியிருக்கிற செதில்தான் உண்மையான இலை. கைவில்லையில் காட்டினேன், பொடியன் கணுக் கணுவாகப் பிரித்து எண்ணத் தொடங்கிவிட்டான்.

மாசியில் நுவரெலியாவுக்குப் போய்வந்த லொறிக்காரர் புதுச் சைப்பிரஸ் கிளை கொண்டுவந்து தந்தார். வெட்டி இரண்டே நாள். ஒன்றரைக் கிலோ செதிலிலையை ஒரு அங்குலத் துண்டாக வெட்டினேன். சைப்பிரஸ் செதிலில் எண்ணெய்ச் சுரப்பி தோலுக்கு அண்மையிலேயே இருப்பதால் பொடியாக நறுக்கத் தேவையில்லை. பைன் ஊசி என்றால் பிசின் குழாய் உள்ளே ஓடும், அதைக் குறுக்கே நன்றாக நறுக்க வேண்டும். இந்த முறை வடிநீரைப் பகுதி பகுதியாக ஏந்தினேன். முதல் இருபது நிமிடம் ஒரு போத்தல், அடுத்த நாற்பது நிமிடம் இன்னொன்று, கடைசி ஒரு மணித்தியாலம் மூன்றாவது.

மூன்றையும் கடதாசிக் கீலத்தில் தொட்டு மணந்தபோது ஒரே இலையிலிருந்து வந்தவை என்று நம்ப முடியவில்லை. முதலாவதில் காம்பு கிள்ளிய மாங்காயின் பால். அக்காவின் மூக்கு சரியாகச் சொல்லியிருக்கிறது. மாங்காய்ப் பாலிலும் ரேர்பீன்கள் நிறைய. மாம்பழ இனங்கள் பலவற்றின் மணத்தில் முன்னுக்கு நிற்கிற 3-காரீன் சைப்பிரஸ் குடும்பத்து இலைகளிலும் உண்டு. இரண்டாவது போத்தலில் கொஞ்சம் மிளகும் மருந்தும் கலந்த மணம். மூன்றாவதில் எண்ணெய் மிகக் குறைவு, தடிப்பானது, ஈரப் பலகை மணம்.

இதற்குக் காரணம் மூலக்கூற்றின் அளவு. முதலில் வருபவை ஒற்றை ரேர்பீன்கள்: அல்பா பைனீன், பீற்றா பைனீன், சபினீன், 3-காரீன், லிமோனீன், மிர்சீன். எல்லாவற்றிலும் 10 காபன், 16 ஐதரசன். ஐந்து காபன் கொண்ட ஐசோப்பிரீன் கட்டை இரண்டு சேர்ந்தது. ஒரே சூத்திரம், கட்டிய விதம்தான் வேறு. இந்தச் சமபகுதியங்களைப் பிரித்தறிந்த இரசாயனவியலாளர் ஒற்றோ வலாக்குக்கு, வளையச் சேர்வைகள் பற்றிய முன்னோடி வேலைக்காக 1910இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்து ஒட்சிசன் ஏறியவை வரும், ரேர்பினென்-4-ஓல் போல. கடைசியாக 15 காபன் கொண்ட செஸ்குயி ரேர்பீன்கள், அவற்றுக்கு ஆவியமுக்கம் மிகக் குறைவு. மெக்சிக்கோ சைப்பிரஸில் சில நாடுகளில் அம்பெலுலோன் என்ற கீற்றோனும் கணிசமாக உண்டு. அது தலையிடியைக் கிளப்பும் என்பதால் போத்தலில் மூக்கை வைத்து மணக்காமல் கடதாசியில் தொட்டு மணக்கச் சொன்னேன்.

மொத்தம் 6 மில்லிலீற்றர். நீரைப் பிரிக்கப் பாடசாலையில் கழித்துவிட்ட பிரிபுனல் ஒன்று உதவியது. ஒட்டியிருந்த ஈரத்துக்கு எளிய வழி: போத்தலை ஒரு இரவு உறைகுளிரில் வைத்தால் நீர் ஐஸாகி அடியில் ஒட்டிக்கொள்ளும், எண்ணெயை மேலால் சரித்து எடுக்கலாம்.

இனி ஒப்பீடு. வாயு நிறப்பதிவுக் கருவி இருந்தால் ஒரு துளியில் முழுப் பட்டியலும் வந்துவிடும். எங்களிடம் இருந்தது தேனீ வளர்க்கிற நண்பர் இரவல் தந்த, ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டுகிற தேன் முறிவுமானி, நகைத் தராசு, கண்ணாடிக் குழாயி. முறிவுமானியில் இரண்டு எண்ணெயும் 70க்கும் 71க்கும் நடுவில் விழுந்தன. பயனில்லை. பைனீனுக்கும், நான் ஸ்புரூஸில் சந்தேகப்பட்ட போர்னைல் அசற்றேற்று என்ற இனிப்பு மண எசுத்தருக்கும் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.465தான். அடர்த்தி அப்படியல்ல. பைனீன் 0.86, போர்னைல் அசற்றேற்று 0.98. 2 மில்லிலீற்றர் சைப்பிரஸ் எண்ணெய் 1.73 கிராம், அதே அளவு ஸ்புரூஸ் 1.80. அக்காவின் போத்தலில் பாரமான ஏதோ இருக்கிறது என்பது அந்த 0.07 கிராமில் தெரிந்துவிட்டது. இந்த நிறுவலுக்குப் பிளாஸ்ரிக் சிரிஞ்சை எடுக்க வேண்டாம். என்னுடையதில் றப்பர் ஊதி இறுகிக்கொண்டது.

அந்தப் பாரம் எசுத்தர்தானா என்று கேட்க நியமிப்பு ஒன்றே போதும். தம்பியின் மகளும் நானும் தெரிந்த ஆசிரியரின் அனுமதியோடு ஆய்வுகூடத்தில் செய்தோம். பொற்றாசியம் ஐதரொட்சைட்டும் எதனோலும் கொதிக்கிற இடம், வீட்டுக் குசினியில் செய்யக் கூடாது. 1.02 கிராம் ஸ்புரூஸ் எண்ணெய், 0.5 மூலர் அற்ககோல் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு 20 மில்லிலீற்றர், மீளொடுக்கியின் கீழ் நீர்த்தொட்டியில் ஒரு மணித்தியாலம். ஆறவிட்டு, பினோப்தலீன் போட்டு, 0.5 மூலர் ஐதரோக்குளோரிக் அமிலத்தால் நியமித்தோம். எண்ணெய் போடாத வெற்றுச் சோதனையையும் பக்கத்தில் வைத்து ஓட்டினோம். அதைவிட 4.0 மில்லிலீற்றர் குறைவாக அமிலம் சென்றது.

அந்தக் காரத்தின் ஒரு மில்லிலீற்றரில் 28.05 மில்லிகிராம் ஐதரொட்சைட்டு. 4.0ஐ 28.05ஆல் பெருக்கி 1.02ஆல் வகுத்தால் எசுத்தர் எண் 110. எசுத்தர் முழுவதையும் போர்னைல் அசற்றேற்று என்று எடுத்து, அதன் மூலர்த் திணிவு 196.3ஆல் பெருக்கி 561ஆல் வகுத்தால் நூற்றுக்கு 38.5 பங்கு. கறுப்பு ஸ்புரூஸ் எண்ணெயில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அதுவே என்பதோடு ஒத்துப்போகிறது. 38.5 பங்கு போர்னைல் அசற்றேற்றும் மீதி பைனீன் போன்றவையும் என்று அடர்த்தியைக் கணக்கிட்டாலும் 0.90 வருகிறது. தராசும் அளவியும் ஒரே சாட்சி சொன்னதில் எனக்குப் பெரிய நிறைவு.

எங்கள் சைப்பிரஸ் 1.05 கிராமுக்கு வித்தியாசம் 0.2 மில்லிலீற்றர் மட்டும். இரண்டு பங்குகூட இல்லை, அளவியின் வாசிப்புப் பிழையே அதில் பாதி. அக்கா தேடிய இனிப்பு இந்த மரத்தில் இல்லை என்பது இலக்கத்தில் வந்துவிட்டது.

கழுவ எடுத்த ஸ்புரூஸ் குடுவையில் மகள் கொஞ்சம் நீர் ஊற்றினாள். பால்போல் கலங்கியது. கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பெரியப்பா, கோணேசர் கோயில் மணம்!"

நானும் மணந்தேன். ஸ்புரூஸின் இனிப்பு போய்க் கர்ப்பூரத்துக்கு இனமான மணம் எழுந்து வந்தது. காரம் எசுத்தரை உடைத்து அசற்றேற்றை எடுத்துக்கொண்டது, மிஞ்சியது போர்னியோல் என்ற அற்ககோல். போர்னியோலை ஒட்சியேற்றினால் கிடைப்பது கர்ப்பூரம். தீபாராதனைக்குக் கொளுத்துகிற செயற்கைக் கர்ப்பூரமும் பைன் மரத்து ரேப்பன்ரைனில் இருந்துதான் தொடங்குகிறது: பைனீன் கம்பீனாகி, ஐசோபோர்னைல் அசற்றேற்றாகி, ஐசோபோர்னியோலாகி, கடைசியில் கர்ப்பூரம். கனடாக் காட்டு மரத்துக்கும் சுவாமி மலைத் தட்டுக்கும் நடுவில் இத்தனை கிட்டிய உறவு இருப்பது இவ்வளவு வயதுக்குப் பிறகு எனக்கு ஒரு கண்ணாடிக் குடுவையில் தெரிந்தது. அன்றிரவே அக்காவுக்கு அழைத்துச் சொன்னேன். அவ கனநேரம் பேசவில்லை. பிறகு, "அதுதான் அந்த மணம் எனக்குப் பிடிச்சதோ தெரியேல்லயடா" என்றா.

இன்னொரு விடயத்தையும் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் கேட்கிறவர்கள் பலர். வீட்டு வாசலில் விசிறிபோல் நிற்கிற செடியைத் தூஜா என்கிறோம். தூஜா எண்ணெயில் தூயோன் உண்டு, அது நரம்பு நஞ்சு, வலிப்பை வரவைக்கும் என்று படித்தவர்கள் பயப்படுகிறார்கள். அது வட அமெரிக்கத் தூஜா ஒக்சிடென்ராலிஸுக்கு உண்மை, அதன் இலையெண்ணெயில் பெரும்பங்கு தூயோன்தான். எங்கள் வாசல்களில் நிற்பது பெரும்பாலும் கிழக்காசியப் பிளற்றிகிளேடஸ் ஒரியென்ராலிஸ். முன்பு அதையும் தூஜா என்றே வகைப்படுத்தியிருந்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அதில் அல்பா பைனீன், 3-காரீன், செட்ரோல் என்பவை முக்கியம். காயைப் பார்த்தால் பிரித்தறியலாம்: நீலம் பூத்த சதைப்பற்றான காய், செதில்களில் கொக்கிபோல் வளைந்த கொம்பு. அப்படியிருந்தும் எந்த இலையெண்ணெயையும் உள்ளுக்கு எடுக்காதீர்கள், நேரே தோலிலும் பூசாதீர்கள்.

பழைய எண்ணெய் இன்னும் மோசம். பைனீனும் காரீனும் காற்றுப் பட்டால் ஐதரோபெரொட்சைட்டுகளாக மாறும். ரேப்பன்ரைன் பாவிக்கிற பெயின்ற்காரர்களின் கைச் சிரங்குக்கு 3-காரீனிலிருந்து வரும் அந்தப் பெரொட்சைட்டு பெரிய காரணமாக இருந்தது. என் போத்தல்களைக் கழுத்துவரை நிரப்பி, கறுப்புக் கடதாசி சுற்றி, திகதி எழுதிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். முதல் பகுதி எண்ணெயில் கொஞ்சத்தைச் சோதனைக்காக யன்னலில் திறந்து வைத்தேன். ஆறு வாரத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுத்து, மாங்காய் மணம் போய்ப் பழைய வார்னிஷ் மணம் வந்துவிட்டது.

பண்டாரவளைப் பக்கத்துக் கரிபியன் பைன் ஊசியை வடிக்க வேண்டும் என்று மகள் நிற்கிறாள். இப்போது கச்சான் வீசுகிறது, பகலில் முற்றம் 35 பாகையைத் தாண்டுகிறது. அல்பா பைனீனின் தீப்பற்றும் ஆவிநிலை 33 பாகை. திறந்த அடுப்புக்குப் பக்கத்தில் ஏந்து போத்தலை வைக்கிற வேலை இந்தக் காலத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மின்னடுப்பு ஒன்று தேடுகிறேன், குழாயையும் இன்னொரு மீற்றர் நீட்ட வேண்டும். ஐப்பசி மழை விழுந்ததும் அடுப்பு மூட்டலாம்.